ஆமென் என்றும் ஆமீன் என்றும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் இரு பழைய மாணவிகள் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, எங்களுக்குக் கற்பித்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியைகளே, சங்கத்தின் மூத்த தாத்தாமாரே, அக்காமாரே, தங்கைமாரே, தோஹாவிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து இந்த மலரில் எங்களை வாசிக்கப்போகும் தோழிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம், ஸலாம், ஸ்தோத்திரம்.

மூன்றையும் சொல்லித் தொடங்குவது இந்த மண்டபத்தில் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம். பள்ளிக்கால நினைவுகளைப் பேசுங்கள் என்றுதான் எங்களைக் கேட்டார்கள். நினைவுகளை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்கு முதலில் வந்தவை ஆட்களும் மரங்களும் அல்ல, சொற்கள். எங்களில் ஒருத்தி மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. மற்றவள் கல்முனைக்குடிப் பிள்ளை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தோம். ஒருத்தியின் வீட்டுச் சொல் மற்றவளுக்கு விளங்காமல் சண்டை பிடித்திருக்கிறோம், சிரித்திருக்கிறோம், பிறகு வெகுகாலம் அந்தச் சொற்களைப் பற்றிப் பேசாமலும் இருந்திருக்கிறோம். ஆகவே கிறிஸ்தவச் சொற்கள் சிலவற்றின் பொருளை, நாங்கள் இருவரும் விளங்கிக்கொண்ட அளவில், உங்கள் முன் வைக்கிறோம்.

காலைக் கூட்டத்திலிருந்து தொடங்குவோம். பரமண்டல ஜெபம் சொல்லப்படும். கிறிஸ்தவப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வோம். சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கைகட்டி அமைதியாக நிற்போம். கடைசியில் எல்லோரும் "ஆமென்" என்னும்போது, எங்கள் வரிசையில் யாராவது ஒருத்தி பழக்கதோஷத்தில் "ஆமீன்" என்று விடுவாள். பக்கத்தில் நிற்பவள் முழங்கையால் இடிப்பாள். யார் பிழையாகச் சொன்னது என்று இடைவேளையில் விவாதம் நடக்கும்.

ஒருவரும் பிழையாகச் சொல்லவில்லை. எபிரேயத்தில் ஆமென், அரபியில் ஆமீன். அலிப், மீம், நூன் என்ற மூன்று எழுத்தும் இரண்டிலும் உண்டு. உறுதி, நிலைபெயராமை என்பது அந்த வேரின் பொருள். ஈமான் என்ற சொல்லும் அதே வேரில் வந்தது. எபிரேய வேதத்தில் விசுவாசத்துக்கு வரும் எமுனா என்ற சொல்லும் அதுதான். ஜெபம் முடிந்துவிட்டது, இனி வகுப்புக்குப் போகலாம் என்பதற்கான மணியோசைபோல் நாங்கள் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தோம். "இது உறுதி, இதில் நான் நிற்கிறேன்" என்பதே அதன் பொருள். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் இயேசு பேசத் தொடங்கும்போது "மெய்யாகவே" என்று இரட்டித்து வரும் இடங்களில் மூலத்தில் இருப்பதும் ஆமென் தான். நாம் பேச்சை முடிக்கச் சொல்வதை அவர் தொடங்கச் சொல்லியிருக்கிறார்.

அதே ஜெபத்தில் இன்னொரு சொல் எங்களை நெடுநாள் குழப்பியது. கடன். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின்படி, மன்னிக்கும்படி கேட்பது கடன்களை. எங்களில் ஒருத்தியின் வாப்பாவுக்குக் கல்முனை பஸாரில் சிறிய கடை. கல்லாப் பெட்டிக்குக் கீழே கடன் கொப்பி இருக்கும். "உங்கட ஆக்கள் ஒவ்வொரு நாளும் விடியக் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேக்கிறீங்க. எங்கட வாப்பாட கொப்பியில உள்ளதையும் அதில சேர்த்துட்டீங்களா?" என்று அவள் கேட்டது மற்றவளுக்கு இன்னும் ஞாபகம். பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் போய்க் கேட்டபோது, "அது பாவத்தைக் குறிக்கிறது" என்று மட்டும் சொன்னார்கள்.

சொன்னது சரிதான். ஆனால் ஏன் பாவம் என்று எழுதாமல் கடன் என்று எழுதினார்கள்? இயேசு பேசிய அரமேயிக் மொழியில் ஹோபா என்ற ஒரே சொல் கடனையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும். அதைக் கிரேக்கத்தில் எழுதிய மத்தேயு கடன் என்ற பொருளை எடுத்தார். லூக்கா அதே ஜெபத்தைத் தரும்போது பாவங்கள் என்று எழுதினார். கடன் என்றால் இன்னொருவனுக்குச் சேரவேண்டியது என்னிடம் இருக்கிறது என்று பொருள். வருந்தினால் மட்டும் அது தீராது. கொடுக்க வேண்டும், அல்லது உரியவன் விட்டுத்தர வேண்டும்.

இதை விளங்குவதில் கடைக்காரர் மகள்தான் முந்தினாள் என்று மற்றவள் ஒப்புக்கொள்கிறாள். ஏனென்றால் முஸ்லிம் வீட்டில் மவுத் நடந்தால், ஜனாஸாத் தொழுகைக்கு முன் குடும்பத்தில் ஒருவர் எழுந்து, மையித்து யாருக்காவது கடன்பட்டிருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு என்று சபையில் அறிவிப்பார். சொத்தைப் பங்கு வைப்பதற்கு முன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். கடனோடு ஒருவரை அனுப்பக்கூடாது என்ற பயம் எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அரபியில் மார்க்கத்துக்குத் தீன், கடனுக்குத் தைன். எழுத்துகள் ஒன்றே. தமிழிலும் பாருங்கள், காலைக்கடன், செய்கடன், நேர்த்திக்கடன் என்று கடமையும் கடனும் ஒரே சொல்லில் தங்கியிருக்கின்றன. அந்த ஜெபத்தின் அந்த ஒரு வரி இந்த ஊருக்காகவே எழுதப்பட்டதுபோல் இப்போது எங்களுக்குப் படுகிறது.

பாவம் என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறோம். தமிழில் அது வடமொழி வழி வந்தது. வினை, அதன் பலன் என்ற எண்ணம் அதோடு ஒட்டியிருக்கிறது. "ஐயோ பாவம்" என்று இரக்கப்படவும் அதையே பயன்படுத்துகிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ஹமார்த்தியா. குறி தவறுதல் என்பது அதன் பழைய பொருள். எபிரேயத்திலும் அதே கருத்து. கவண்கல் எறிபவன் குறி தப்புவதற்கும் பாவம் செய்வதற்கும் ஒரே வினைச்சொல். அரபியில் கதீஆ என்பதும் அதன் உறவுக்காரச் சொல்தான். அழுக்கு என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் விட்டது என்ற பொருள் புதிதாக இருந்தது.

இனி, இந்தச் சொற்கள் தமிழில் யாருடையவை? எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, சைவப் பிள்ளை, இந்த உரையின் முதல் பிரதியை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "எங்கட வேதத்தையும் எடுத்து, எங்கட ஆகமத்தையும் எடுத்து, ரெண்டையும் ஒட்டி வேதாகமம் எண்டு பேர் வைச்சிட்டீங்க. எப்ப திருப்பித் தருவீங்க?" அவள் சொன்னதில் பிழையில்லை. வேதம், ஆகமம் இரண்டும் சைவர்களின் மறைநூல்கள். அந்த இரு பெயர்களையும் சேர்த்துத்தான் பைபிளுக்குத் தமிழில் பெயர் வந்தது. எங்கள் கரையில் கிறிஸ்தவர்களை "வேதக்காரர்" என்று சைவர்கள் சொல்வதுண்டு. குர்ஆன் தமிழாக்கங்களிலும் தவ்ராத்தையும் இன்ஜீலையும் பெற்ற சமூகங்களுக்கு "வேதக்காரர்" என்ற சொல்லே வருகிறது. மூன்று பக்கமும் ஒரே சொல்லைப் பிடித்து இழுக்கின்றன. விவிலியம் என்ற இன்னொரு பெயர் கிரேக்க வழி வந்தது. சிறு நூல்கள் என்பது அதன் பொருள். ஒரு நூல் அல்ல, நூல்களின் கட்டு.

இறைவனுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் மொழிபெயர்த்தவர்கள் பட்ட பாடு பெரிது. 1578இல் கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அச்சிட்ட நூலின் பெயரே தம்பிரான் வணக்கம். மதுரையில் டி நொபிலி போர்த்துக்கேயச் சொற்களை விட்டு வடமொழிச் சொற்களை எடுத்தார். சர்வேசுரன் என்பது அவர் வழியில் பரவிய சொல். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1714, 1715இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டிலும் அதுவே. பிறகு பப்ரிசியுஸ் பராபரன் என்றார். 1871இல் வெளியாகி, இன்றும் புரட்டஸ்தாந்த ஆலயங்களில் வாசிக்கப்படும் வேதாகமத்தில் தேவன். 1995இல் கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் கடவுள். நானூறு ஆண்டுகளுக்குமேல் ஒரு சொல்லைத் தேடியிருக்கிறார்கள். தேவன் என்றால் தேவர்களில் ஒருவன் என்று கேட்பவன் எண்ணிவிடுவானோ, பராபரன் என்றால் தத்துவமாகத் தூரப்போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்திருக்கிறது.

இந்தத் தேடலில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஒல்லாந்தர் காலத்தில் பிலிப்பு டி மெல்லோ என்ற தமிழ்ப் போதகர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சானது. அதைவிட எல்லோருக்கும் தெரிந்தது யாழ்ப்பாணத்துக் கதை. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பைபிளைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணையிருந்தவர் ஆறுமுக நாவலர். அசைக்க முடியாத சைவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். அவர் கைபட்ட மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. தம் மதத்தை ஒரு அணுவும் விட்டுக்கொடுக்காத ஒருவர், இன்னொரு மதத்தின் நூலுக்குச் சரியான சொல் தேடிக் கொடுத்தார். எங்கள் சைவத் தோழிக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: நாவலரிடம் போய்க் கேள்.

கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போகாதவர்கள் இந்த மண்டபத்தில் குறைவு. அங்கே நாகூர் ஆண்டவர் என்கிறோம். கோயிலில் பழனி ஆண்டவர் என்கிறார்கள். ஆலயத்தில் ஆண்டவராகிய இயேசு. ஆளுபவன், எஜமான் என்ற பொருளில் ஒரு நல்ல தமிழ்ச் சொல். நாகூரில் அடங்கியிருக்கும் இறைநேசரை ஆண்டவர் என்பது மரியாதைக்காக. கிறிஸ்தவர் சொல்லும்போதோ அது வணக்கத்துக்குரியவரின் பெயர். ஒரே சொல், ஆனால் எடை வேறு. இதை விளங்காமல் "எல்லாம் ஒண்டுதானே" என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

வளைகுடாவில் வேலைசெய்யும் தோழிகளுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். அங்குள்ள லெபனான், எகிப்து, சிரியா நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஜெபிக்கும்போது அல்லாஹ் என்றே சொல்வார்கள். அவர்களுடைய அரபு வேதாகமத்தில் இருப்பதும் அந்தப் பெயர்தான். எங்கள் தோழி ஒருத்தி தன்னோடு வேலைசெய்த பெண் இன்ஷா அல்லாஹ் என்றதைக் கேட்டு அவள் முஸ்லிம் என்றே ஒரு வருடம் நினைத்திருந்தாளாம், கிறிஸ்மஸுக்கு லீவு கேட்கும்வரை.

இப்போது கிருபை. அல்லது அருள். தகுதியைப் பார்த்துக் கொடுப்பது கூலி. தகுதி பாராமல் கொடுப்பதைக் கிரேக்கத்தில் காரிஸ் என்கிறது புதிய ஏற்பாடு. அதற்குத்தான் கிருபை என்ற சொல். ஆனால் எங்களைப் பிடித்துக்கொண்ட சொல் எபிரேய வேதத்தில் இரக்கம் என்று வருமிடங்களில் இருக்கும் ரஹமீம். ரெஹெம் என்றால் கருப்பை. அரபியிலும் ரஹிம் என்றால் கருப்பை, ரஹ்மத் என்றால் அருள். முஸ்லிம் வீட்டில் எந்தக் காரியத்தையும் தொடங்கும்போது ரஹ்மான், ரஹீம் என்று சொல்கிறோமே, அதே வேர். கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தாயின் உடல் கணக்குப் பார்ப்பதில்லை. பிள்ளை பெற்றவர்கள் நிறைந்த இந்தச் சபையில் இதை விளக்கத் தேவையில்லை.

இரட்சிப்பு, மீட்பு என்பவை அடுத்தவை. இரட்சித்தல் என்றால் காத்தல். இயேசு என்ற பெயரின் எபிரேய வடிவமான யேசுவாவிலேயே காப்பாற்றுதல் என்ற பொருள் இருக்கிறது. மீட்பு வேறு படம். அடிமையை விலைகொடுத்து விடுவிப்பதைக் குறித்த கிரேக்கச் சொல்லுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். எங்களுக்கு அடிமைச் சந்தை தெரியாது. ஆனால் வங்கியில் ஈடு வைத்த காப்பை மீட்டுவரத் தெரியும். காப்பு எப்போதும் நம்முடையதுதான், ஆனால் நம் கையில் இல்லை. இன்னொருவரின் பெட்டியில், ஒரு சீட்டு ஒட்டப்பட்டுக் கிடக்கிறது. விலைகொடுத்தால் வீடு வரும். மீட்பு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நாங்கள் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்தச் சொல் எங்களுக்கு இன்னும் மாறிப்போனது. மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வாரக்கணக்கில் "மீட்பு" என்றால் மண்ணிலும் இடிபாட்டிலும் இருந்து எடுப்பது. எடுத்தவர்கள், எடுக்கப்பட்டவர் எந்தச் சமயம் என்று கேட்டுக்கொண்டு எடுக்கவில்லை. அதைப் பற்றி அதிகம் பேச எங்கள் இருவராலும் முடியாது. எங்கள் வகுப்புப் படத்தில் உள்ளவர்களில் எத்தனை பேர் இன்றில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு பொருளைக் கொள்ளும் இடங்களுக்கு வருவோம். மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவிசேஷம் என்றால் நல்ல செய்தி. கிரேக்கத்தில் எவாங்கெலியோன். அந்தச் சொல்தான் பயணப்பட்டு அரபியில் இன்ஜீல் ஆனது. ஆனால் முஸ்லிமுக்கு இன்ஜீல் என்பது ஈஸா நபிக்கு இறைவன் அருளிய வேதம். கிறிஸ்தவருக்கோ அது இயேசுவைப் பற்றிய செய்தி, நான்கு பேர் எழுதியது. ஒருவர் "இன்ஜீல்" என்று சொல்ல மற்றவர் "சுவிசேஷம்" என்று விளங்கிக்கொண்டால் இருவரும் வேறு பொருளைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கிறிஸ்து என்பது அப்படியே. அது குடும்பப் பெயரல்ல, பட்டம். அரசனையும் ஆசாரியனையும் எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்வது இஸ்ரவேலரின் வழக்கம். அபிஷேகம் பெற்றவர் எபிரேயத்தில் மேசியா, கிரேக்கத்தில் கிறிஸ்து. குர்ஆனிலும் ஈஸா நபி அல்மஸீஹ் என்று அழைக்கப்படுகிறார். பட்டம் இரண்டிலும் உண்டு. ஆனால் தேவகுமாரன் என்ற சொல்லை இஸ்லாம் ஏற்பதில்லை. இறைவனுக்குப் பிள்ளை இல்லை என்பது அதன் அடித்தளம். உடல்வழிப் பிறப்பை அந்தச் சொல் குறிக்கவில்லை, தந்தைக்கும் அவருக்கும் உள்ள உறவைக் குறிக்கிறது என்று கிறிஸ்தவர் விளக்குவர். விளக்கிய பிறகும் வேறுபாடு அங்கேயே இருக்கும். எங்களில் ஒருத்தி அதை நம்புகிறாள், மற்றவள் நம்பவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாகச் சிநேகிதிகளாக இருக்கிறோம்.

கடைசியாக ஒரு சொல். இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தோம்.

2019 ஏப்ரல் 21க்கு முன் எங்களுக்கு ஈஸ்டர் என்றால் பள்ளியில் வெள்ளைச் சேலை உடுத்த டீச்சர்மார், லில்லிப் பூ, பாட்டு. முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அந்தப் பாட்டின் மெட்டுத் தெரியும். அன்று காலை மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் நடந்தது உலகம் முழுக்கச் செய்தியானது. அதன் பிறகு இந்த நாட்டில் ஈஸ்டர் என்ற சொல்லைத் தனியாக ஒருவரும் சொல்வதில்லை. ஈஸ்டர் தாக்குதல், ஈஸ்டர் விசாரணை, ஈஸ்டர் வழக்கு. கிறிஸ்தவர்களின் தலையாய திருநாளின் பெயர் ஒரு குற்றத்தின் பெயராகிவிட்டது. அதே வாரங்களில் முஸ்லிம் வீடுகளில் அன்றாடம் புழங்கிய அரபுச் சொற்களைப் பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்லப் பயந்தோம். எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் முப்பத்தொரு பேர். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. ஒருத்தி மாம்பழப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு உடனே அழித்துவிட்டாள்.

உயிர்த்தெழுதலுக்குக் கிரேக்கத்தில் அனஸ்தாசிஸ். எழுந்து நிற்றல் என்பது பொருள். அரபுக் கிறிஸ்தவர்கள் அதைக் கியாமா என்கிறார்கள். எழுந்து நிற்றல்தான். கியாமத் நாள் என்று நாங்கள் சிறுவயதிலிருந்து கேட்டுவந்த அதே சொல். அவர்களுக்கு ஈஸ்டர் ஈதுல் கியாமா. ஜெருசலேமில் இயேசுவின் கல்லறை மேல் உள்ள ஆலயத்தை அரபியில் கியாமா ஆலயம் என்றே அழைக்கிறார்கள். இதிலும் வேறுபாடு உண்டு. ஈஸா நபி சிலுவையில் கொல்லப்படவில்லை என்பது இஸ்லாமிய நம்பிக்கை. மரித்து மூன்றாம் நாள் எழுந்தார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. ஆனால் இறந்தவர்கள் இறைவன் முன் எழுந்து நிற்பார்கள், கொன்றவனும் கொல்லப்பட்டவனும் நிற்பார்கள் என்பதை இருவரும் நம்புகிறோம்.

அடுத்த வருடம், 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர். கொரோனா ஊரடங்கு. ஆலயங்கள் பூட்டியிருந்தன, பள்ளிவாசல்களும் பூட்டியிருந்தன. அன்று காலை தோஹாவிலிருந்து ஒரு தோழி, முஸ்லிம் பிள்ளை, குழுவில் எழுதினாள்: "ஈதுல் கியாமா வாழ்த்துகள்டி." தன்னோடு வேலைசெய்யும் லெபனான் பெண்ணிடம் கேட்டு எழுதியிருக்கிறாள். எங்களில் பாதிப்பேருக்குப் பொருள் விளங்கவில்லை. "அது என்ன பெருநாள் புள்ள?" என்று கேட்டுத்தான் ஒரு வருடத்துக்குப் பிறகு எங்கள் பேச்சுத் திரும்பத் தொடங்கியது. இந்த உரையும் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

நாங்கள் சேர்த்த சொற்களை ஒரு நூற்றிருபது பக்கக் கொப்பியில் எழுதிப் பள்ளி நூலகத்தில் வைத்திருக்கிறோம். இடப்பக்கம் மட்டும் எழுதியிருக்கிறோம். வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. குர்பான் என்ற சொல் அதில் அரைகுறையாக நிற்கிறது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் கொர்பான் என்று அது வருகிறது, கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் பூசையையே குர்பானா என்கிறார்கள், நாங்கள் ஹஜ்ஜுப் பெருநாளில் சொல்கிறோம். "நெருங்குதல்" என்ற வேரைச் சேர்ந்தது என்பதுவரை எழுதியிருக்கிறோம். நோன்பு, தவம், உபவாசம் மூன்றையும் சைவத் தோழி எழுதித் தருவதாகச் சொல்லி மூன்று மாதமாகிறது. அவளும் இங்கேதான் இருக்கிறாள், மூன்றாவது வரிசையில். வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதி அனுப்பினால் நாங்கள் பிரதிபண்ணி ஒட்டிவிடுகிறோம். பெயர் போடத் தேவையில்லை, படித்த வருடத்தை மட்டும் போடுங்கள்.